கூடு வைத்த தார்

தம்பி, ஒரு நிமிஷம். உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைச் சரி செய்ய வேண்டும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறினபோது, நீங்கள் காலை ஒதுக்கி இந்த வாழைத்தாருக்கு இடம் விட்டுவிட்டு, "வீட்டுத் தாருங்களா பெரியவரே?" என்று கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை என்றாலும் ஆட்டினது ஆட்டினதுதான். இது வீட்டுத் தார் இல்லை. காலையில் காந்தி மார்க்கெட்டில் வாங்கினது. டோல்கேட் தாண்டினதிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன், குணசீலம் வந்துவிட்டது.

எனக்கு ஆட்களிடம் பேசி வராது. முப்பத்தோரு வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டேன். பில் போடுகிறவர் பேசுவார், வரிசையில் நிற்கிறவர்கள் பேசுவார்கள். "என்னய்யா, முள்ளு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள எடுக்கிற?" என்று கத்துவார்கள். முள் நிற்கும்வரை மறுபடி வைப்பேன். பதில் சொல்ல மாட்டேன். முள் சொல்லிவிடும்.

இப்போது ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், தொட்டியத்தில் இறங்கினதும் என் சம்மந்தி இதே கேள்வியைக் கேட்பார். நான் பாட்டுக்கு அவரிடமும் தலையை ஆட்டிவிட்டால்? உங்களிடம் ஆட்டினது பஸ்ஸோடு போகும். அங்கே ஆட்டினால் ஆயுசுக்கும் நிற்கும். அதனால் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயாவது நான் செய்தது தப்பு என்று பட்டால் கையைக் காட்டுங்கள். நீங்கள் பேச வேண்டாம்.

சம்மந்தி பேர் பெரியண்ணன். தொட்டியத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். என் மகள் சுகந்தியை மருமகள் என்று சொல்ல மாட்டார், எங்க வீட்டுப் பிள்ளை என்பார். குரல்தான் கொஞ்சம் பெரியது. மண்டியில் ஏலம் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிவிட்டது. ரகசியம் பேசினாலும் தெருமுனையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பந்தியில் இலையில் வைத்த ரஸ்தாளிப் பழத்தை எடுத்தார். உரிக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "கார்பைடு கல்லு வெச்சுப் பழுத்தது" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு லாரியே இறக்கியிருப்பேனே சம்மந்தி!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பழம் நான் பார்த்து, நான் வாங்கினது. எடையில் குறை சொன்னால் தாங்குவேன், மறுபடி வைத்துக் காட்டலாம். பழத்தை எதில் வைத்துக் காட்டுவது?

சரி என்று விட்டேன். விட்டேன் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என் வாய் தானாகத் திறந்தது. "வளைகாப்புக்கு எங்க கொல்லையில விளைஞ்ச தார் வரும்" என்றேன். நாதஸ்வரக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறார். மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"ஏ, கேளுங்கப்பா! தாலி இன்னும் ஏறல, சம்மந்தி வளைகாப்புக்கே வந்துட்டாரு!" என்றார் பெரியண்ணன்.

சுகந்தி குனிந்த தலையைக் கடைசிவரை நிமிர்த்தவில்லை. அடக்கமான பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் அவளுக்குப் பேர். என் மனைவி தனபாக்கியம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் சிரமம் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் சொன்னது சொன்னதுதானே? சபையில் நான் சொன்ன ஒரே வார்த்தை அது.

எங்கள் வீடு உறையூரில். கொல்லை பெரியதில்லை. துணி துவைக்கிற கல், ஒரு கருவேப்பிலை, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அவ்வளவுதான். வாய்க்கால் ஓரத்தில் ஒரு ரஸ்தாளிக் கன்று வைத்தேன். வைத்த பிறகுதான் கணக்கு உறைத்தது. மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பிள்ளைக்குப் பத்து மாதம். வளைகாப்பு ஏழாவது மாதம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும். இதுவும் எடை போடுகிற வேலைதான். ஆனால் ஒரு தட்டு தொட்டியத்தில் இருக்கிறது. அந்தத் தட்டை நான் எட்டிப் பார்க்க முடியாது.

அடிக்கடி தனபாக்கியத்திடம், "போன் பண்ணினியா?" என்பேன். "பண்ணினேன். நல்லா இருக்கா" என்பாள். நான் கேட்டது அது இல்லை.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். "நாள் தள்ளிப் போயிருக்காம்ங்க" என்றாள். நான் கொல்லைக்குப் போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "எத்தனை நாள்?" என்றேன்.

"பிள்ளை எப்படி இருக்கா, வாந்தி எடுக்கிறாளா, ஏதாவது சாப்பிடுறாளா, இதெல்லாம் கேக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் நீ கேட்டிருப்பேல்ல. எத்தனை நாள்?"

நாற்பத்தைந்து நாளாம். பரவாயில்லை, கூடி வந்துவிடும் என்று தெரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. என் சந்தோஷம் முகத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டபடியே சுகந்திக்கு நாலாவது மாதம் நடக்கும்போது மரம் பூ தள்ளியது. அன்றிலிருந்து பிடித்தது தொல்லை. அதுவரைக்கும் எங்கள் கொல்லைக்கு வந்துபோன ஆள் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஒருத்தர்தான். வாழைப்பூவைக் கண்டதும் தேன்சிட்டு வந்தது. கட்டெறும்பு வந்தது. அணில் இரண்டு வந்து, பிறகு சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. பொழுது சாய்ந்தால் வௌவால். ஒரு கீரிப்பிள்ளை வந்து துவைக்கிற கல்லில் ஏறி நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. கொல்லைக்குப் போகும்போது செருமிவிட்டுப் போக வேண்டியதாகிவிட்டது.

தனபாக்கியம், "பாவம், வாயில்லா ஜீவன், ரெண்டு தின்னா என்ன?" என்பாள். அவள் ரேஷன் கடையில் வேலை பார்த்ததில்லை. இரண்டு இரண்டாகத்தான் தம்பி எல்லாம் போகும்.

நான் சருகை அடுக்கிக் கட்டி, அதற்கு மேல் சாக்கைச் சுற்றி, தாரை முழுக்க மூடிவிட்டேன். மதிலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து விட்டேன். எதற்கென்றால், காய் எண்ண. தினம் காலையில் எண்ணினால்தானே எது குறைந்தது என்று தெரியும்?

அந்தச் சந்து வழியாகத்தான் அது உள்ளே போனது.

கொண்டைக்குருவி. தலையில் கறுப்புக் குடுமி, வாலுக்கு அடியில் சிவப்பு. பக்கத்து வீட்டுப் பிலோமினா டீச்சர், "இதுக்குப் பேரு சின்னான் அண்ணே" என்றார். பேர் என்னவாக இருந்தால் என்ன, ஒரு நாள் காலையில் எண்ணப் போய்க் கண்ணை வைக்கிறேன், உள்ளேயிருந்து அதுவும் கண்ணை வைக்கிறது. மூன்றாவது சீப்புக்கும் நாலாவது சீப்புக்கும் நடுவில் குச்சியும் நாரும் வைத்துக் கிண்ணம் மாதிரி கூடு. என் சாக்கிலிருந்து உருவின நார். மறுநாள் அது வெளியே போன நேரம் பார்த்தேன். மூன்று முட்டை.

வளைகாப்புக்கு அதற்கு முன்னால்தான் நாள் குறித்திருந்தார்கள். பிலோமினா டீச்சரிடம் சாடையாகக் கேட்டேன். குஞ்சு பொரிக்கப் பன்னிரண்டு நாள், பறக்க இன்னொரு பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் இடிக்கிறது.

நான் அரிவாளைத் தேடினேன் என்று தனபாக்கியம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அரிவாள் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். அதற்கே அவள் வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"பொண்ணு வாயும் வயிறுமா இருக்கும்போது கூட்டைக் கலைக்கிறதா? மாப்பிள்ளை நாலஞ்சு மாசமா முடிகூட வெட்டாம தாடியோட திரியிறாரு. நீங்க இங்க குஞ்சு இருக்கிற கூட்டுல அருவாளை வைக்கிறீங்களா?"

"குஞ்சு இல்ல. முட்டை."

"முட்டைக்குள்ள என்ன, அரிசியா இருக்கு?"

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். "கூடு மேலதானே இருக்கு? கீழ் சீப்பு நாலை மட்டும் அறுத்துத் தட்டுல வெச்சுக் கொண்டுபோவோம்." பிலோமினா டீச்சரும் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "நல்ல ஐடியா அண்ணே" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களே சொல்லுங்கள். சபையில் நான் தார் என்று சொன்னேன். சீப்பு என்று சொல்லவில்லை. அரை மூட்டையைக் காட்டி மூட்டை என்று சொல்லலாமா?

வளைகாப்பைத் தள்ளிவைப்பதுதான் ஒரே வழி. இரண்டு நாள் தள்ளினால் எல்லாருக்கும் நல்லது. சம்மந்திக்கு நானே போன் செய்தேன். இரண்டு தடவை அவர் ஹலோ சொன்னதும் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை பேசினேன்.

"சம்மந்தி, வளைகாப்பை ரெண்டு நாள் தள்ள முடியுமா?"

"ஏன், என்ன ஆச்சு? யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

குருவி என்று சொல்ல வந்தேன் தம்பி. வாழை மண்டிக்காரரிடம் குருவி என்று எப்படிச் சொல்வது? "வீட்டுல மூணு பேர் இருக்காங்க. அவங்க கிளம்பின பிறகுதான் எதுவும் செய்ய முடியும்" என்றேன்.

"விருந்தாளிங்களா? அட, அதுக்கு எதுக்கு நாளைத் தள்ளணும்? அவங்களையும் கூட்டிட்டு வாங்க!"

"அவங்க வர மாட்டாங்க. சின்னப் பிள்ளைங்க. தாய் தகப்பனும் கூட இருக்காங்க."

"ஆக மொத்தம் அஞ்சு பேர். நான் பெரிய வேனா அனுப்புறேன். சாப்பாட்டுல ஏதாவது பார்ப்பாங்களா?"

"பழம்தான் சாப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து காவல். எனக்குக் குருவி மேல் பாசம் எல்லாம் கிடையாது தம்பி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எவ்வளவு சீக்கிரம் குஞ்சு பொரித்துக் காலி செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் எனக்குத் தார். இடையில் முட்டை போய்விட்டால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றார் டீச்சர். அதற்காகத்தான். துவைக்கிற சத்தம் ஆகாது என்று துணியை வாசல் குழாயடியில் துவைக்கச் சொன்னேன். மிக்ஸியை முன் அறைக்கு மாற்றினேன். பின்கட்டில் ரேடியோ கிடையாது. தனபாக்கியம் கொல்லையில் தும்மினாள் என்று ஒரு நாள் திரும்பிப் பார்த்தேன். அதற்கு, "நான் சுகந்தியைப் பெத்த அன்னைக்குக்கூட இப்படி விரலை உதட்டுல வெச்சுக்கிட்டு நீங்க நின்னதில்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு மண்ணெண்ணெய் லோடு வந்திருந்தது. நான் அங்கேயே இல்லை.

டீச்சர் வீட்டில் ஒரு பூனை. அதன் கழுத்தில் மணி கட்டச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? மலைக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு சின்ன மணி வாங்கி, நூலும் கோத்து, அவர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் மணி அவர் வீட்டு வாசல் கதவில் தொங்குகிறது. "ரொம்ப தேங்க்ஸ் அண்ணே, காலிங் பெல் ரிப்பேர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பூனை சத்தமில்லாமல்தான் வந்துகொண்டிருந்தது. நான் மதிலில் சப்பாத்திக்கள்ளியை அடுக்கி வைத்தேன்.

இதுவாவது பரவாயில்லை. ஒரு நாள் செம்போத்து வந்தது. காக்காய் மாதிரி கறுப்பு, இறக்கை செங்கல் நிறம், கண் ரத்தச் சிவப்பு. நேராகத் தாரைப் பார்த்து மதிலில் நடந்து வருகிறது. நான் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டப்போனேன். தனபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விரட்டாதீங்க! செம்போத்து வலம் போனா நல்லதுங்க. பிள்ளைக்கு நல்லபடியா ஆகும்." கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

"வலம் போகல. முட்டைக்குப் போகுது."

"எங்க போனாலும் வலமாத்தானே போகுது?"

நான் தட்டிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு அந்தத் தட்டில்தான் வந்தது, நெளிந்துபோய்.

முட்டை மூன்றும் பொரிந்தது. குஞ்சுக்கு முதலில் உடம்பே கிடையாது, வாய்தான். தாயும் தகப்பனும் பூச்சி கொண்டுவந்தன. இதற்குள் தார் முற்றி மேல் சீப்பு மரத்திலேயே பழுக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு பூச்சிக்கு ஏன் அலைய வேண்டும்? உட்கார்ந்த இடத்திலேயே பழத்தைக் கொத்திக் கொத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தன. குடியிருக்கிற வீட்டின் சுவரைப் பிட்டுத் தின்கிற குடும்பத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன். தின்னட்டும். வயிறு நிறைந்தால் சீக்கிரம் பறக்கும். எண்ணிப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன். காய் எண்ணுவதை. குஞ்சை எண்ணினேன், காலையிலும் சாயங்காலமும்.

நடுவில் ஒரு நாள் சுகந்தி போன் செய்தாள். என்னைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். "அப்பா, தார் வேண்டாம்ப்பா. நீங்க வந்தா போதும்" என்றாள். என் கஷ்டம் தெரிந்து, பாவம், தாரையே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாள். "அப்படியெல்லாம் விட மாட்டேன்மா" என்று தைரியம் சொன்னேன். "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். சந்தோஷப்பட்டிருப்பாள்.

நேற்று இரண்டு குஞ்சு பறந்துவிட்டது. மதில், கருவேப்பிலை, பிறகு டீச்சர் வீட்டு முருங்கை. மூன்றாவது மட்டும் கூட்டு விளிம்பில் நிற்கிறது, எட்டிப் பார்க்கிறது, திரும்பி உள்ளே போகிறது. இன்று காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. எங்கள் ஆட்கள் ஏறின பிறகும் ஐந்து சீட் காலி. இவ்வளவு பெரிய வேன் எதற்கு என்று தனபாக்கியத்துக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"ஏறுங்க" என்றாள்.

"நீங்க போங்க. அது கிளம்பினதும் தாரை வெட்டிக்கிட்டுப் பின்னால வர்றேன்."

"அது கிளம்பலேன்னா?"

"கிளம்பும்."

"கிளம்பலேன்னா பொண்ணு வளைகாப்புக்கு வர மாட்டீங்களா?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். நான் அவனைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன். தனபாக்கியம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தேன். தாய்க்குருவி கருவேப்பிலையில் உட்கார்ந்து கூப்பிடுகிறது. இது விளிம்புக்கு வருகிறது, இறக்கையை விரிக்கிறது, மடக்கிக்கொள்கிறது. நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் அவசரப்படுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுகூடப் பார்த்தேன். பறக்கவில்லை.

அதற்கு மேல் இருந்தால் பஸ் கிடைக்காது. டீச்சரிடம் தட்டையும் கரண்டியையும் கொடுத்து, "காக்கா வந்தா தட்டுங்க" என்றேன். அவரிடம் நானாக வாய் திறந்து ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. நேராக மார்க்கெட் போனேன். அங்கே தொங்கின தார்களில் நல்லதாகப் பார்த்து இதை எடுத்தேன். பார்த்தால் எங்கள் வீட்டுத் தார் மாதிரியே இருக்கிறது, ஒன்பது சீப்பு. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் காம்பைப் பார்த்தேன். இதோ, இங்கே. நீல மையில் வட்டம், நடுவில் 'பெ'. இது எங்கள் சம்மந்தி மண்டி அடையாளம் தம்பி. தொட்டியத்திலிருந்து அவர் திருச்சிக்கு அனுப்பின தாரை நான் திருச்சியிலிருந்து தொட்டியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், எங்கள் வீட்டில் விளைந்தது என்று சொல்ல. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது வீட்டுச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். மை போகவில்லை. பால் வடிந்து புது வேட்டியில் கறைதான் ஆனது. வாழைக்கறை போகவே போகாது. விசேஷத்துக்கென்று எடுத்த வேட்டி.

இருங்கள். போன் அடிக்கிறது. அவர்தான். கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

ஹலோ... ஆமா சம்மந்தி... முசிறி தாண்டிட்டேன்... இல்ல, பஸ்லதான்... கொக்கியா? எதுக்குக் கொக்கி?... வாசல்லயா? தாரைத் தொங்கவிடவா?... மண்டி ஆளுங்க எல்லாருமா வந்திருக்காங்க?... மேளமுமா?... சம்மந்தி, ஒரு நிமிஷம்... சம்மந்தி... என்னை ஒரு வார்த்தை பேச விடுங்க... தார் வரல. எங்க வீட்டுத் தார் வரல... மரத்துலதான் இருக்கு. அதுல குருவி கூடு வெச்சிருக்கு... குருவி. கு-ரு-வி... ஆமா... ரெண்டு பறந்துடுச்சு, ஒண்ணு இன்னும் பறக்கல... ஆமா, அந்த மூணு பேரும் அதுதான்... தாய் தகப்பனும் அதுதான்... இல்ல, வேன்ல யாரும் வரல... என் கையில ஒரு தார் இருக்கு. மார்க்கெட்ல வாங்கினது. உங்க மண்டித் தார்தான், உங்க அடையாளம் இருக்கு. வீட்டுத் தார்னு சொல்லலாம்னுதான் வாங்கினேன். சொல்லல. அவ்வளவுதான்... ஹலோ?... ஹலோ?

...

ம்... ம்... அப்படியா?... சரி... சரி, கொடுங்க... சொல்லும்மா... ம்... இன்னும் இல்லம்மா... டீச்சர்தான் பார்த்துக்கிறாங்க... வர்றேன்மா. வந்துக்கிட்டே இருக்கேன்.

பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா தம்பி? நான் கத்தினேனா? கண்டக்டர்கூடத் திரும்பிவிட்டார். பரவாயில்லை.

நடுவில் நான் பேசாமல் இருந்தேனே, அப்போது அவரும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னார், உங்களுக்கும் கேட்டிருக்கும். தோட்டத்தில் தார் வெட்டுகிறவர்கள் கூடு வைத்த தாரில் அரிவாளை வைக்க மாட்டார்களாம். மரத்தைச் சுற்றிச் சருகைக் கட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்களாம். "வருஷா வருஷம் அவனுங்ககிட்ட இதுக்காக நான் சண்டை போடுவேன் சம்மந்தி, ஒரு தார் போச்சேன்னு. இன்னைக்கு என் சம்மந்தியே அந்த வேலையைப் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கீங்க. இனி நான் எவனைக் கேக்கிறது?" என்றார். கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை. அவருக்கு இரண்டும் ஒரே சத்தம்.

சுகந்தி பேசினது உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் வந்தால்தான் மணையில் உட்காருவேன் என்று நின்றுகொண்டே இருக்கிறாளாம். ஏழு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்கலாமா? வளையலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நிற்கிறார்களாம். "மூணாவது பறந்துடுச்சாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு எண்ணிக்கை தெரிந்திருக்கிறது. அவள் அம்மா சொல்லியிருப்பாள். தாரைப் பற்றிக் கேட்கவில்லை. அது ஏன் என்றுதான் தெரியவில்லை.

அதெல்லாம் போகட்டும். இப்போது வேறு சிக்கல் தம்பி. வளைகாப்பு முடிந்ததும் சுகந்தியை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் அல்லவா, பிரசவத்துக்கு? அதே வேனில் அவரும் வருகிறாராம். மண்டி ஆட்களையும் கூட்டிக்கொண்டு. "நானே வந்து அந்தத் தாரைப் பார்க்கிறேன் சம்மந்தி!" என்றார். சாயங்காலமே.

அவர் குரலை இப்போது கேட்டீர்கள்தானே? அந்தக் குரலோடு கொல்லைக்குள் வந்து, "எங்கப்பா அந்தக் குருவி?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அது பயந்துபோய்க் கீழே விழுந்துவிடும். இறக்கை இன்னும் பழகவில்லை. கீழே டீச்சர் வீட்டுப் பூனை. பாசம் எல்லாம் இல்லை, இருந்தாலும் இவ்வளவு நாள் பார்த்துவிட்டுக் கடைசியில் விட முடியுமா?

அதனால் இறங்கினதும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன், சரியா பாருங்கள். "சம்மந்தி, வாங்க, எல்லாரும் வாங்க. ஆனா கொல்லைக் கதவைத் தாண்டினா யாரும் பேசக் கூடாது. நீங்களும்." இந்த 'நீங்களும்' வேண்டுமா? மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் பேசாதே என்று சொல்வது மரியாதை இல்லைதான். ஆனால் அதை விட்டால், யாரும் என்பதில் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

இருக்கட்டும். 'நீங்களும்' இருக்கட்டும்.

அதோ, அந்த வேப்பமரத்தடியில் மேளக்காரர்களோடு நிற்கிறாரே, அவர்தான். பஸ் நிற்பதற்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தாரின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள் தம்பி. இல்லை, வேண்டாம், அப்படியே கீழே வையுங்கள். நான் முதலில் இறங்கி அதைச் சொல்லிவிடுகிறேன்.